பாய் நெய்யக் கற்றுக்கொண்ட ஆராய்ச்சியாளர்!

குட்டீஸ், விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ரயிலில் போயிருக்கிறீர்களா? வழியில் 'காலடிப்பேட்டை' என்று ஒரு நிலையம் வரும். 2021 பிப்ரவரியில் திறந்த நிலையம் அது. மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய பெயர்தான். ஆனால் அது யாருடைய காலடி என்று யோசித்ததுண்டா?

யாருடைய காலடியும் இல்லை! ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர் 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தார். நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக அவர் காலத்தில் உண்டான ஊர் அது. 'காலெட் பேட்டை' என்ற பெயர் மக்கள் வாயில் புகுந்து புறப்பட்டு, 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது.

கவர்னருக்கு நெசவாளர்கள் எதற்கு? கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்ததே துணி வாங்கத்தான். 1639-ல் சென்னைக் கடற்கரையில் கம்பெனி இடம் பிடித்ததற்கு, இந்தப் பக்கத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். நெய்த துணியை வெளுத்தால்தான் கப்பலில் ஏற்ற முடியும். அதற்குச் சலவைத் தொழிலாளர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை. அதுவும் போதாமல், நகரின் இன்னொரு பக்கம் 1734-ல் நெசவாளர்களுக்காகவே 'சின்னத் தறிப் பேட்டை' உருவானது. அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

இன்று ஆலைப் புகையும் லாரிச் சத்தமுமாக இருக்கும் வடசென்னையில், ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சரி, இப்போது ஒரு கேள்வி. அந்தக் காலடிப்பேட்டையில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் யாரிடம் நெய்யக் கற்றுக்கொண்டான்? நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போட்டான்? நாள் முழுதும் தறியில் உட்கார அவனுக்குப் பிடித்ததா, இல்லை ஓடிப்போய்க் கடலில் குதிக்க வேண்டும் போலிருந்ததா?

பதில் கிடைப்பது கஷ்டம். கம்பெனிக் கணக்கு ஏடுகளில் எத்தனை கட்டுத் துணி, என்ன நீளம், என்ன விலை என்றெல்லாம் பார்க்கலாம். துணியை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நெய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதியவர்கள்தான் இல்லை.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதையே படிப்பாகப் படித்து, வேலையாகச் செய்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள்தான் மானிடவியல் ஆராய்ச்சியாளர்கள்.

அளந்தவர்களும் அமர்ந்தவர்களும்

மானிடவியல் என்றால் மனிதர்களைப் பற்றிய படிப்பு. மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், யாரை உறவு என்கிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று ஆராயும் துறை.

தொடக்கத்தில் இந்தப் படிப்பு வேறு மாதிரி இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதன் கண்காணிப்பாளராக 1885-ல் வந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய மக்களைப் பற்றி 1909-ல் 7 பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அவரும் அவர் காலத்து அறிஞர்கள் சிலரும் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார்கள். மூக்கின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டால் மனிதர்களை வகை பிரித்துவிடலாம் என்று நினைத்தார்கள். அது தவறு என்று பிற்கால அறிவியல் ஒதுக்கிவிட்டது. மூக்கை அளந்தால் மூக்குதானே தெரியும்? மனசு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு மாற்றம் வந்தது. போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கி என்ற அறிஞர், 1915-க்கும் 1918-க்கும் இடையில், பசிபிக் கடலில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நீண்ட நாள் தங்கினார். தீவு மக்களின் குடிசைகளுக்கு நடுவிலேயே கூடாரம் போட்டார். அவர்கள் மொழியைப் பேசப் பழகினார். தோட்ட வேலை, படகு வேலை, சண்டை, விருந்து என்று எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினார்.

இப்படி ஊரிலேயே தங்கிச் செய்யும் ஆராய்ச்சிக்குக் 'களப்பணி' என்று பெயர். நெல்லடிக்கும் இடத்தையும் களம் என்போம் இல்லையா? அங்கே தூற்றினால்தான் நெல்லும் பதரும் பிரியும். இந்தக் களமும் அப்படித்தான். நாம் நினைத்துக்கொண்டு போவது ஒன்று, அங்கே தெரிய வருவது ஒன்று.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு களப்பணியைப் பார்ப்போமா? அதற்கு நாம் சென்னையை விட்டுத் தெற்கே, திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும்.

தாமிரபரணிக் கரையில்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது பத்தமடை. பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் "பத்தமடைப் பாயா?" என்று கேட்பார்கள். அந்த அளவுக்குப் பாயும் ஊரும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அங்கே பாய் நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் வீட்டிலேயே நெய்கிறார்கள். பெண்கள்தான் அதிகம்.

நெல்லைப் பக்கம் கல்யாணம் என்றால் பத்தமடைப் பாய்க்குத் தனி மரியாதை. மணமகன், மணமகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். பெயர் வாங்கியவர் எந்த மதம் என்று பாய் பார்ப்பதில்லை. முஸ்லிம் வீட்டில் நெய்த பாயில் இந்து வீட்டு மணமக்கள் உட்காருவார்கள். 2012-13-ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் நெய்த பாயைப் 'பத்தமடைப் பாய்' என்று பெயர் சொல்லி விற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

கோரை பாயாகும் கதை

இந்தப் பாய்க்கு மூலப்பொருள் கோரை. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளர்வது. பார்த்தால் புல் மாதிரி இருக்கும். ஆனால் தாவர நூல்காரர்கள் அதைத் தனிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். சோதனை எளிது. புல்லின் தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருண்டையாக இருக்கும். கோரையின் தண்டை உருட்டிப் பாருங்கள். மூன்று பக்கம் தட்டுப்படும். ஆமாம், அது முக்கோணம்! நம் வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் களைக் கோரை இதற்குச் சொந்தக்காரன். பழைய எகிப்தியர்கள் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ் செடியும் இதே குடும்பம்தான்.

கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுப்பார்கள். தண்டை நீளவாக்கில் கீறி, வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப் போடுவார்கள். தண்ணீரைக் குடித்து அது நன்றாக உப்பிவிடும். மறுபடி வெயில். இப்போது கோரை பொன்னிறமாகி இருக்கும். மெல்லிய பாய்க்கு வேண்டுமென்றால் இன்னும் சன்னமாகக் கீற வேண்டும். பின்பு சாயம் ஏற்றுவார்கள்.

தறி? அது தரையிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டி, நடுவில் நீளவாக்கில் நூலை இழுத்துக் கட்டுவார்கள். இது பாவு. மூங்கிலால் ஆன முக்காலி ஒன்று பாவைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும். நெய்பவர் தரையோடு உட்கார்ந்து, நீண்ட குச்சியின் உதவியால் கோரையைக் குறுக்கே செலுத்துவார். இது ஊடை. ஒவ்வொரு கோரை போனதும் அச்சால் நெருக்கித் தட்டுவார். மறுபடி ஒரு கோரை. மறுபடி ஒரு தட்டு.

பாவு நூல் எவ்வளவு நெருக்கமோ, பாய் அவ்வளவு மென்மை. 100, 120, 140 என்று எண் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பாய் துணியைப் போல வழவழப்பாகும். சேலையைப் போல மடித்துப் பெட்டியில் வைக்கலாம். அதனால் அதற்குப் 'பட்டுப் பாய்' என்றே பெயர். அப்படி ஒரு பாய் முடியப் பல வாரங்கள் ஆகும்.

"நானும் நெய்கிறேன்!"

இந்த ஊருக்குத்தான் சௌம்யா வெங்கடேசன் வந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த மானிடவியல் மாணவி. இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியல் பேராசிரியர். பத்தமடையின் பாய் நெசவைப் பற்றி அவர் எழுதிய நூல் 2009-ல் வெளிவந்தது.

களப்பணிக்கு வந்தவர், கேள்வி கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. தானும் தறியில் உட்கார்ந்து நெய்யக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றதைப் பற்றியே 2010-ல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

எதற்கு இந்தச் சிரமம்? பக்கத்தில் நின்று பார்த்து எழுதினால் போதாதா?

உங்களுக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது எப்படி, விடுவது எப்படி என்று 10 வரி எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு, பம்பரத்தையே பார்க்காத ஒருவன் முதல் தடவையிலேயே சுற்றவிட்டுவிடுவானா? மாட்டான். சாட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும், மணிக்கட்டை எந்த நொடியில் சுண்ட வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். வாய்க்குச் சொல்லத் தெரியாது. சைக்கிள் ஓட்டுவதும் நீச்சலும் இப்படித்தான். அம்மா மாவு பிசையும்போது "எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்து ஊற்ற வேண்டியதுதான்" என்பார். அவர் மறைக்கவில்லை. அந்தக் கணக்கு அவர் விரலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாய் நெசவும் கை அறிவு. கோரை எவ்வளவு ஈரமாக இருந்தால் ஒடியாது, அச்சை எவ்வளவு வேகமாகத் தட்டினால் ஓரம் கோணாது என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் பிடிபடும். முதுகு எவ்வளவு வலிக்கும் என்பதும் உட்கார்ந்தால்தான் புரியும்!

இன்னொரு லாபமும் உண்டு. பெரிய படிப்புப் படித்தவர் தறியில் உட்கார்ந்துவிட்டால், அங்கே அவர் மாணவி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருந்தாலும் அவர்தான் ஆசிரியை. அளவுக் கருவியோடு வந்தவரிடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். கற்றுக்கொள்ள வந்தவரிடம் பேசுவார்கள்.

பாரம்பரியமா, பிழைப்பா?

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

பத்தமடைப் பாயைப் பற்றி வெளியூரில் இருக்கும் நாம் என்ன சொல்வோம்? "ஆகா, பாரம்பரியக் கலை! பல தலைமுறைச் சொத்து! அழியாமல் காப்பாற்ற வேண்டும்!" என்போம். அரசு நிறுவனங்களும் கைவினை அமைப்புகளும் கண்காட்சி நடத்துகின்றன. பட்டுப் பாய்க்கு விருதுகள் கிடைத்திருக்கின்றன.

ஆனால், சௌம்யா வெங்கடேசன் ஊருக்குள் கண்டது கொஞ்சம் வேறு. கண்காட்சிக்குப் போகும் மெல்லிய பட்டுப் பாயை நெய்பவர்கள் ஊரில் சிலர்தான். பெரும்பாலோர் நெய்வது, நம் வீட்டில் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாய். அதற்கு விருதும் இல்லை, புகைப்படமும் இல்லை. கிடைக்கும் கூலியும் குறைவு. நெய்பவர்களில் பலருக்கு அது கலை என்பதைவிட வீட்டுச் செலவுக்கு வழி. நெய்யத் தெரிந்தவர் எல்லோரும் "நான் நெசவுக் கலைஞர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வதும் இல்லை. வேறு நல்ல வேலை கிடைத்தால் போய்விடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

யோசித்துப் பாருங்கள், குட்டீஸ். "இந்தக் கலையை விட்டுவிடாதீர்கள்" என்று கண்காட்சியில் நின்று சொல்வது சுலபம். சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். பல வாரம் தரையில் குனிந்து உட்கார வேண்டியது அவர்கள். பத்தமடையில் உங்கள் வயதுப் பிள்ளை ஒன்று, "நான் படித்து டாக்டர் ஆகப் போகிறேன்" என்றால், "வேண்டாம், நீ பாய்தான் நெய்ய வேண்டும்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதற்காகப் பாய் அழிந்தால் அழியட்டும் என்று விட்டுவிடவும் மனம் வருமா? ஒரு பாட்டியின் விரலில் இருக்கும் கணக்கு, அவரோடு போய்விட்டால் திரும்ப வராது. காலடிப்பேட்டையின் நெசவாளர்களுக்கு நடந்தது அதுதானே?

இரண்டும் உண்மை. இதற்கு ஒரு வரியில் விடை இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். நெய்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. அவர்கள் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைத்தால், அப்போது அவர்கள் பிள்ளைகள் எடுக்கும் முடிவும் வேறாக இருக்கலாம். களப்பணியின் பயனே இதுதான். நாம் பேசுவதை நிறுத்திவிட்டு, அவர்களைப் பேச வைப்பது.

உலகின் மற்ற மூலைகளில்

தறியில் உட்கார்ந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு நாடுகளிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ பழங்குடியினர் கம்பளி நெசவில் பெயர் பெற்றவர்கள். உலகுக்கு நெசவைக் கற்றுத் தந்தது 'சிலந்திப் பெண்' என்பது அவர்கள் புராணம். 1930-ல் கிளாடிஸ் ரைக்கார்ட் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, கம்பளம் நெய்யக் கற்றுக்கொண்டார். அந்த அனுபவத்தை 1934-ல் புத்தகமாக எழுதியபோது, அதற்குச் 'சிலந்திப் பெண்' என்றே பெயர் வைத்தார்.

அடுத்தது உங்கள் வயதுப் பிள்ளைகளின் கதை. மெக்சிகோ நாட்டில் சினகாந்தான் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே மாயா இனச் சிறுமிகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தறியில் நெய்யப் பழகுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தறியே உண்டு! பட்ரீசியா கிரீன்ஃபீல்டு என்ற உளவியல் அறிஞர், 1970 வாக்கில் அந்தச் சிறுமிகள் நெய்யக் கற்பதைப் படம் பிடித்தார். அப்போது அம்மா பக்கத்திலேயே இருந்து, கையைப் பிடித்துக் கற்றுத் தந்தார். துணியில் சில பழைய கோலங்கள்தான் இருந்தன.

1991-ல் அவர் திரும்பிப் போனார். பழைய சிறுமிகள் இப்போது அம்மாக்கள்! அவர்கள் மகள்கள் தறியில் இருந்தார்கள். ஊரில் கடை, வியாபாரம் எல்லாம் வளர்ந்திருந்தன. மகள்கள் தாங்களாகவே தப்பும் தவறுமாக முயன்று பார்த்துக் கற்றார்கள். பூ, பறவை என்று புதுப் புதுக் கோலங்கள் துணியில் வந்துவிட்டன. பாரம்பரியம் என்றால் மாறாமல் அப்படியே நிற்பது என்று நினைக்கிறோம். சினகாந்தானில் அது மாறிக்கொண்டே உயிரோடு இருந்தது.

பெரு நாட்டின் சின்செரோ ஊரில் இன்னும் ஒரு படி மேலே. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் நெசவு பற்றி அறிய அங்கே வந்தபோது, நில்டா கல்யஞ்ஞௌபா என்ற உள்ளூர்ப் பெண் அவர்களுக்கு நண்பரானார். பின்னாளில் அவரே ஆராய்ச்சியில் இறங்கினார். ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பழைய கோலங்களைக் கேட்டுப் பதிவு செய்தார். 1996-ல் கூஸ்கோ நகரில் நெசவாளர்களுக்கு ஒரு மையம் தொடங்கி, அவர்கள் துணிக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்தார். புத்தகமும் எழுதினார். ஆராய்ச்சிக்கு ஆளான ஊரிலிருந்தே ஆராய்ச்சியாளர் வந்துவிட்டார், பார்த்தீர்களா!

உங்கள் தெருவே உங்கள் களம்

களப்பணி செய்யக் கேம்பிரிட்ஜ் போக வேண்டாம். நம் வடசென்னையிலேயே கை அறிவுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னுகிற தாத்தா. எண்ணூர்ப் பக்கம் உப்பங்கழியில் இறால் பிடிப்பவர். மாதவரத்தில் மாடு வளர்த்துப் பால் ஊற்றுபவர். தெரு முனையில் பூக் கட்டுகிற அக்கா. அந்த அக்கா பூவைப் பார்க்காமலே கட்டுவாரே, கவனித்திருக்கிறீர்களா? அதுவும் ஒரு நெசவுதான்!

விடுமுறையில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் ஒருவரைச் சந்தியுங்கள். இந்த 6 விதிகளை மறக்காதீர்கள்.

1. முதலில் அனுமதி. "தாத்தா, நீங்க வலை பின்னுறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேலை நேரத்தில் தொந்தரவு கூடாது. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி வந்துவிட வேண்டும்.

2. கொஞ்ச நேரம் வாய் மூடிப் பாருங்கள். கை எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது, எந்தக் கருவியை எப்போது எடுக்கிறார்?

3. "எப்படி?" என்பதோடு "யாரிடம் கற்றீர்கள்? எது ரொம்பக் கஷ்டம்? உங்கள் பிள்ளைகள் இதைச் செய்கிறார்களா?" என்றும் கேளுங்கள். பதிலை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். அவர் நிறுத்தினால் காத்திருங்கள்.

4. அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கும். பல பெயர்கள் அகராதியில்கூடக் கிடைக்காது.

5. அவர் விரும்பினால் நீங்களும் ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். தப்பாக வரும். பரவாயில்லை. அப்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் கைக்குத் தெரியும்.

6. எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்டுங்கள். "இது வேண்டாம், எடுத்துடு தம்பி" என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். அது அவர் கதை.

தெரியுமா உங்களுக்கு?

* 'மெட்ராஸ்' என்ற பெயரில் ஒரு துணி உலகம் சுற்றியது! கட்டம் போட்ட அந்தப் பருத்தித் துணி கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போனது. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதில் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதிய கோலம் உண்டாக்கி உடுத்துகிறார்கள். அதையும் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கலாபாரி அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

* எழும்பூர் அருங்காட்சியகத் தர்ஸ்டன், சென்னை மாகாணத்தின் பருத்தித் துணித் தொழிலைப் பற்றியும் 1897-ல் ஒரு தனி நூல் எழுதினார்.

* காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களைப் பற்றி ஆர்த்தி காவ்லா என்ற மானிடவியல் அறிஞர் எழுதிய நூல் 2018-ல் வெளிவந்தது.

இன்று இரவு பாய் விரிக்கும்போது ஒரு நிமிடம் அதைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை கோரை, எத்தனை தட்டு! அதை நெய்தவர் பெயர் பாயில் இருக்காது. உங்கள் தெருவில் இருக்கும் ஒருவரின் பெயரையாவது, அவர் கதையையாவது உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். 300 வருடம் கழித்து யாரோ ஒரு குட்டி அதைத் தேடலாம்!